நாக்கு பட்ட இடம்

மதியச் சாப்பாட்டுக்கு டாக்டரம்மா கிளம்பியதும் அவன் லேப்பின் கதவைச் சாத்தினான். லேப் என்று பெயர்தான் பெரிது. பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை, ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, பாலிஷ் மோட்டார், மெழுகு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு, அலமாரி நிறைய யார் யாருடையவோ வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள். இழுப்பறையின் ஆழத்திலிருந்து மெல்லிய கறுப்புத் தகடு ஒன்றை எடுத்தான். மேலண்ணத்தை மட்டும் மூடுகிற தகடு. பல் எதுவும் வைக்காதது. தன் வாய்க்குத் தானே அளவெடுத்துச் செய்துகொண்டது. அதன்மேல் முகப் பவுடரைத் தூவி, அதிகமாக விழுந்ததை ஊதிவிட்டு, அலுங்காமல் வாய்க்குள் பொருத்தினான். பிறகு ஒரே ஒரு ஒலியை ஒரே ஒரு தடவை சொன்னான். தகட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளைப் பொடியில் நாக்கு பட்ட இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

இன்னும் சற்றுப் பின்னால் பட்டிருக்க வேண்டும். அவன் படித்துக்கொண்டிருந்த அந்த வெளிநாட்டு மொழியில் இந்த ஒலிக்கு நாக்கின் நடுப்பகுதி எழுந்து அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் விலக வேண்டும். அவன் நாக்கோ பழைய வழக்கத்தில் முன்னால் ஓடி, பல்லின் பின்புறத்தில் இடித்துக்கொண்டு நின்றது. கழுவித் துடைத்து மறுபடியும் பவுடர் தூவினான். புதுப் பல் செட் போட்டவர்களுக்குச் சில எழுத்துகள் சரியாக வராதபோது, தகட்டின் எந்த இடம் தடிமனாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டரம்மா செய்கிற சோதனை இது. அதைத் தன்மேல் செய்து பார்க்கலாம் என்று தோன்றிய நாளிலிருந்து மதியங்கள் இப்படித்தான் போயின. சில சமயம் தமிழையும் சொல்லிப் பார்ப்பான். ‘ந’ சொன்னால் பல் வரிசையின் பின்னால் பிறைபோல ஒரு தடம். ‘ட’வுக்கு அது உள்ளே நகர்ந்துவிடும். ‘ப’ சொன்னால் ஒன்றுமே இருக்காது. உதட்டு எழுத்துகளுக்கு நாக்கு வேண்டாம். யாரும் நடக்காத மணல்போலப் பொடி அப்படியே கிடக்கும். ஆயுசு முழுக்க அவனுக்குத் தகராறு அந்தத் தடமே வைக்காத எழுத்துகளோடுதான்.

அவனுக்குத் திக்கும். எப்போதிலிருந்து என்று கேட்டால் பேச ஆரம்பித்ததிலிருந்து. வார்த்தை வரும் வழியில் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும், உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே இருப்பவர் கண்ணில் முதலில் இரக்கமும் பிறகு அவசரமும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதுதான் அவன் வாழ்க்கை. எதிரே இருப்பவர் அவன் வாக்கியத்தை முடித்துவைப்பார். அந்த உரிமை ஊருக்கே பொதுவாக இருந்தது. துணிக்கடையில் “ப... ப...” என்று நின்றால், “ப்ளூவா சார், இதோ” என்று கடைக்காரர் எடுத்துப் போட்டுவிடுவார். இல்லை என்று சொல்ல மறுபடியும் ஒரு வாக்கியம் தொடங்க வேண்டும். அதற்குத் தலையாட்டுவது சுலபம். அவன் அலமாரி முழுக்க நீலச் சட்டைகள். நீலம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பச்சை பிடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. சில நாள் கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தானைப் போடும்போது, யாரோ முடித்துவைத்த மனிதன் ஒருவன் உள்ளே நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

முடித்துவைப்பவர்களில் முதல்வர் அண்ணன். காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர். விடிந்தும் விடியாத வேளையில் கவிழ்த்த மரப்பெட்டிமேல் ஏறி நின்றாரென்றால், மண்டியின் இரண்டு வாசலுக்கும் அவர் குரல் எட்டும். மூட்டை தூக்குகிறவர்கள் அந்தக் குரலின் தாளத்துக்குத்தான் நடப்பார்கள். “மண்டில மௌனம்னா நஷ்டம்டா. நான் ஒரு மூச்சு சும்மா நின்னேன்னு வெச்சுக்க, தக்காளி வாடிப்போயிடும்” என்பார். அப்பா போன பிறகு அவனை வளர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தவர்கள் யாரும் அண்ணனின் கையிலிருந்து தப்பியதில்லை. வகுப்பு வாசலில் வந்து நின்று, “சார், அவனுக்கு விடை தெரியும். வாய்தான் ஒத்துழைக்கல. நான் சொல்றேன்” என்று அவனுக்காக ஒப்பித்திருக்கிறார். பாதி தப்பாகத்தான் ஒப்பிப்பார். தப்புக்கு அடி இவனுக்கு விழும்.

வீட்டில் அது ஒரு விளையாட்டாகவும் இருந்தது. அவன் திக்கி நிற்கும்போது அண்ணன் ஒரு விரலைத் தூக்குவார். “ஒரு தரம்.” வார்த்தை வராது. “ரெண்டு தரம்.” அவன் கண்ணில் நீர் முட்டும், ஆனாலும் சிரிப்பான். “மூணு தரம். போச்சு. தம்பி என்ன சொல்றான்னா...” என்று தனக்குத் தோன்றியதற்கு அந்த வாக்கியத்தைத் தட்டிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அதில் வன்மம் துளியும் கிடையாது. அதனாலேயே அதை எதிர்க்க அவனிடம் ஆயுதமும் கிடையாது.

மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடை. டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு போவான். அவள் எடுத்துக் கொடுப்பாள். பேச்சுக்கு அவசியம் இல்லாத ஏற்பாடு. ஆனால் அவசியம் இல்லாமலே பேசினார்கள். அவள் அவன் வாக்கியத்தை முடித்ததில்லை. மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வரட்டும் என்று இருப்பாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா போகச் சொல்கிறாள் என்றாள். “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நீ...” வந்தது. அடுத்தது வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கணீரென்று வந்தது. “நீ போய் நல்லா இருக்கணும்னு சொல்றாம்மா. கூச்சப்படறான். நாங்களும் அதான் சொல்றோம், போயிட்டு வா.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலை, பழக்கத்தில், ஆடியது.

அதற்குப் பிறகு அந்த மருந்துக் கடைக்கு அவன் போவதைக் குறைத்துக்கொண்டான். அண்ணனுக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருக்குமா என்றுகூடத் தெரியாது. ஏலம் போன சரக்கை யார் நினைவு வைத்திருப்பார்கள்.

டாக்டரம்மாவுடன் படித்தவர் ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம், குளிரான ஒரு நகரத்தில், பல் செட் செய்யும் லேப் நடத்திவந்தார். எல்லாம் இயந்திரத்தில் வார்த்தெடுக்கும் காலத்தில், கையால் மெழுகு வைத்து, ஈறுக்கு ஈறு நிறம் பார்த்துச் செய்ய ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அவனுடைய வேலையின் படங்களைப் பார்த்துவிட்டு, இவர் வருவாரா என்று கேட்டிருந்தார். டாக்டரம்மா அந்த விஷயத்தைச் சொன்னபோது அவனை அழைத்துப்போக அண்ணன் வண்டியோடு வாசலில் நின்றிருந்தார். “எ... எனக்கு...” என்று அவன் தொடங்கினான். “அவனுக்கு அதெல்லாம் சரிப்படாது டாக்டர்” என்றார் அண்ணன். “தமிழ் பேசவே தவிக்கிறான். அங்க போய் இன்னொரு பாஷைல வேற தவிக்கணுமா? பாவம், விடுங்க.” அவன் தலை ஆடியது.

மறுநாள் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே லேப்புக்கு வந்தார். “உங்க அண்ணன் சொன்னதைக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு இன்னும் கேக்கல” என்றார். பதிலுக்கு நிற்காமல், தான் அந்த நாட்டில் படித்தபோது பயன்படுத்திய ஒலிப்பாடங்களை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தார். “ஒரே ஒரு விதி. கொஞ்ச மாசத்துக்கு வாயத் தொறக்கக் கூடாது. கேட்டுக்கிட்டே இருங்க. புரியலேன்னாலும் கேளுங்க. குழந்தைங்க அப்படித்தானே பேச வருது. தானா வாய் ஊறும், அப்போ பேசுங்க.”

வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லும் பாடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அதில் அவன் ஏற்கெனவே தேறியவன்.

பாடத்தில் ஒரு பெண்ணின் குரல். மனதுக்குள் அவளுக்குக் குரல்காரி என்று பெயர் வைத்தான். காதில் அவளை மாட்டிக்கொண்டுதான் மெழுகு உருக்கினான், பல் நட்டான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். முதலில் அது மழைபோல் இருந்தது. எங்கே ஒரு துளி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அர்த்தம் தேடாமல் நனைந்துகொண்டிருந்தான். சில வாரங்களில் மழைக்குள் ஓடுகள் தெரிந்தன, ஒரு சாய்வு தெரிந்தது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று தெரிந்தது. ஒரு சொல் அடிக்கடி வந்து போயிற்று, தெருவில் தினமும் எதிர்ப்படும் பெயர் தெரியாத ஆளைப்போல. ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லுக்கு ‘தண்ணீர்’ என்று அர்த்தம் என்பது யாரும் சொல்லாமல் அவனுக்குத் தெரிந்திருந்தது. குழாயை மூட மறந்து நின்றான்.

ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கித் தமிழில் மாற்றிப் பார்க்க வேண்டாம் என்பது டாக்டரம்மாவின் இரண்டாவது அறிவுரை. அது அவன் தொழிலுக்கு ஒத்துவந்தது. வாயை அளவெடுக்கும்போது ஒவ்வொரு பல்லாகவா எடுக்கிறோம்? மொத்தத்தையும் ஒரே அச்சில் எடுக்கிறோம்; பல்லும் பல்லுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்துதான் வருகிறது. அவன் வாக்கியங்களை முழுசாக எடுத்தான். ‘மழை வரும்போல் இருக்கிறது, ஜன்னலைச் சாத்தட்டுமா?’ ‘இந்த ரயில் எங்கே போகிறது?’ ‘எனக்கு அவசரம் இல்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தைக் குரல்காரி சொல்லும் விதம் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. உண்மையாகவே அவசரமில்லாதவள்போல, நடுவில் ஒரு மூச்சு விட்டுச் சொல்வாள்.

பிறகு பின்தொடரும் பாடம் வந்தது. அவள் பேசப் பேச, அரை மூச்சுப் பின்னால், அவளோடு சேர்ந்தே பேச வேண்டும். நிறுத்தி யோசிக்கக் கூடாது. தப்பானாலும் விட்டுவிட்டு நடக்க வேண்டும். யாருக்கும் கேட்காமல் இருக்கப் பாலிஷ் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒரு செட்டைத் தேய்க்கிற பாவனையில் வாயைத் திறந்தான். பனிமூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி முன்னால் போவதாகவும், அவளுடைய காலடி விழுந்த இடத்திலேயே தன் காலடி விழுவதாகவும் இருந்தது. அவள் வளைந்தால் வளைந்தான், ஏறினால் ஏறினான். பாடம் முடிந்து மோட்டாரை நிறுத்தியபோது அறையின் அமைதி காதில் இரைந்தது. அப்போதுதான் அது உறைத்தது. உதட்டு எழுத்துகள் எத்தனையோ வந்து போயிருந்தன. ஒரு கதவும் சாத்திக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த யாருடைய பல்லையோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது சிரித்துக்கொண்டிருந்தது, அதற்கு வேறென்ன தெரியும்.

அன்றிலிருந்து பகல்களின் நிறமே கொஞ்சம் மாறியதுபோல் இருந்தது. பஸ்ஸின் இரைச்சலில் உதடு அசையாமல் பேசிக்கொண்டே போவான். தெருவில் பார்க்கிறதை எல்லாம் அந்த மொழியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்: மஞ்சள் சுவர், நனைந்த நாய், மேலே காயும் சட்டை. தெரியாத சொல் வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு வேறு சொற்களில் போவான். சுற்றிப் போவதுதான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே. ‘பால்’ வராவிட்டால் ‘வெள்ளையா, டீல ஊத்துவாங்களே’ என்று சொல்லிப் பிழைத்தவன். கனவுகள்கூட அந்த மொழியின் பக்கமாகச் சாய்ந்தன. அவற்றில் அவன் ஒரு நீளமான பாலத்தின்மேல் யாருடனோ பேசிக்கொண்டு நடப்பான். என்ன பேசினான் என்பது விழித்ததும் மறந்துவிடும். பேசிய சுகம் மட்டும் வாயில் இருக்கும்.

வெளிநாட்டில் அந்த லேப்பை நடத்தும் அம்மாளோடு போனில் முகம் பார்த்துப் பேசும் நாளும் வந்தது. நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, பின்னால் அவனுடையதைப் போலவே பிளாஸ்டர் வாய்கள் நிறைந்த அலமாரி. எடுத்த எடுப்பில் எளிதான கேள்விகள் கேட்டார். வீட்டில் யார் யார், என்ன சாப்பிட்டீர்கள், என்ன நிறம் பிடிக்கும். பச்சை என்று சொன்னான். அந்த மொழியின் பச்சை உதட்டில் தொடங்கவில்லை. சொல்லிவிட்டு, ஏதோ ரகசியத்தை வெளியே விட்டவன்போலக் காது சூடேற உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அதே பேச்சில் அது திரும்பவும் வந்தது. ஈறின் நிறத்துக்கு எந்தத் தூளைக் கலக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, பதில் பாதி வழியில் நின்றது. உதடு ஒட்டியது. கழுத்து இறுகியது. ஆக, இந்த மொழியிலும் அந்தக் கதவு இருக்கிறது; இவ்வளவு நாள் திறந்து கிடந்தது, அவ்வளவுதான். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். முடித்துவைக்கப் போகிறார், தலையாட்ட வேண்டியதுதான். அவர் முடிக்கவில்லை. வேற்று மொழியில் பேசும் ஒருவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அவருக்கு அது சாதாரணம். எங்கிருந்தோ வந்து தம் மொழியைப் பேசுகிற எல்லாரும் இப்படி நடுவில் நிற்பார்கள், அவர் பார்த்திருக்கிறார். வார்த்தை வந்தது. “ஆ, அதுவா” என்றார், வெகு இயல்பாக, அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் அவன் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தான். திக்காமல் பேசியது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. திக்கியபோது கிடைத்த அந்த அமைதி. அதில் யாரும் எதையும் தள்ளிவிடவில்லை. ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது என்றால் அதன் சொற்களைக் கற்றுக்கொள்வது என்று நினைத்திருந்தான். அந்த மொழிக்காரர்கள் உனக்காக எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள் என்பதும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

வேலை உறுதியாயிற்று. அந்த மொழியில் அவன் சம்மதமும் சொல்லிவிட்டான். காகிதங்கள் டாக்டரம்மாவின் உதவியோடு ஒவ்வொன்றாக நகர்ந்தன. அங்கே குளிர் விட்டதும் போக வேண்டும். வீட்டில் சொல்லவில்லை.

இதற்கிடையில் அண்ணனின் பற்கள் போயின. வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தவை. முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தபோது ஏலம் விசிலடித்தது. மண்டியில் சிரித்தார்கள். “கேரட்டுக்கு விலை சொல்லச் சொன்னா புல்லாங்குழல் வாசிக்கறாரு” என்று யாரோ சொன்னதை, வீட்டுக்கு வந்து அண்ணனே சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தையும் டாக்டரம்மா எடுத்துவிட்டார். ஈறு ஆறும்வரை மரப்பெட்டிமேல் வேறொருவர் ஏறினார். அண்ணன் கீழே ஓரமாக நின்று, அந்த ஆளின் வாயையே பார்த்துவிட்டுத் திரும்பினார். “செட்டு நம்ம தம்பி கையாலதான். மண்டில வந்து பாருங்கடா அப்புறம்” என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அவனுக்கும் அதுதான் எண்ணம். அண்ணனுக்குப் பல் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் கிளம்புகிறேன் என்று அதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது முயன்றான். அண்ணனுக்குச் சோற்றைக் குழைவாகப் பிசைந்து பரிமாறிக்கொண்டிருந்தாள் அண்ணி.

“அண்ணே. நான்... ப...” என்றான். ‘போறேன்’ என்பது அவ்வளவு சின்னச் சொல்.

“பருப்பு கேக்கறான், போடு” என்றார் அண்ணன், பொக்கை வாயால்.

“இருங்க, அவர் ஏதோ சொல்ல வர்றாரு” என்றாள் அண்ணி.

“என்ன சொல்லப் போறான்? பல்லு எப்போ ரெடியாகும்னு நான் கேப்பேன்ல, அதுக்குப் பதில் யோசிச்சு வெச்சிருப்பான். புதன்கிழமை அளவெடுக்கறோம்ங்கறான். அதானடா?”

புதன்கிழமை என்பது உண்மைதான். தலை ஆடியது. அண்ணி மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி இப்பல்லாம் தூக்கத்துல பேசறாரு தெரியுமா? என்ன பாஷைன்னே தெரியல. கடகடன்னு பேசறாரு” என்றாள்.

“தூக்கத்துலயாவது பேசட்டும், விடு.”

எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தான். போனில் அடித்தும் பார்த்தான், அழித்துவிட்டான். கையால் சொன்னால், அதுவும் தன் வாய் சொன்னதாகாது. தவிர அண்ணன் அதை உரக்க வாசிப்பார். வாசித்துவிட்டு அதன் கடைசியில் தன் வாக்கியம் ஒன்றைச் சேர்ப்பார்.

புதன்கிழமை காலையில் அண்ணன் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சலவைச் சட்டை போட்டு, ஏதோ விசேஷத்துக்கு வருகிறவர்போல வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “டாக்டர், முன்ன இருந்ததைவிடக் கொஞ்சம் பெருசா வெக்கச் சொல்லுங்க. பின்னால நிக்கறவனுக்கும் தெரியணும்” என்றார். மேல் வரிசைக்கு அளவெடுத்தாயிற்று. கீழ் வரிசைதான் கஷ்டம். அங்கே நாக்கு குடியிருக்கிறது. அது ஒரு நொடி அசைந்தாலும் அச்சு கெட்டுவிடும்.

அளவெடுக்கும் பசையை அவன்தான் எப்போதும் குழைப்பான். தூளில் தண்ணீர் விட்டுக் கரண்டியால் கிண்ணத்தின் சுவரில் அரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் சட்டென்று இறுகிவிடும். வெந்நீர் என்றால் இன்னும் வேகம். குளிர்ந்த தண்ணீர் விட்டால் நிதானமாக இறுகும். மருந்துகள் வைக்கும் ஃப்ரிட்ஜின் முன் அவன் கொஞ்சம் நின்றான். பிறகு அடித்தட்டிலிருந்த பாட்டிலை எடுத்தான். கிண்ணம் கையில் சில்லிட்டது.

டாக்டரம்மா பசை நிரப்பிய ட்ரேயை அண்ணனின் வாய்க்குள் வைத்து, சரிபார்த்து அழுத்தினார். “நாக்கை லேசாத் தூக்கி முன்னால வெச்சுக்கங்க. அப்படியே. இனி அசைக்கக் கூடாது, பேசக் கூடாது.” முன்னறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. “நீங்க பிடிச்சுக்கங்க, நான் பார்த்துட்டு வந்துடறேன்” என்று அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் அண்ணனின் தலைமாட்டில் நின்றான். இரண்டு ஆள்காட்டி விரல்களும் ட்ரேயின்மேல், கட்டைவிரல்கள் தாடையின் கீழே. அண்ணனின் முகத்தை இவ்வளவு அருகில், தலைகீழாக, அவன் பார்த்ததில்லை. புருவத்தில் நரை. கண்ணின் ஓரத்தில் மண்டித் தூசியின் நிரந்தரச் சிவப்பு. பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற அதே கண்கள். அறையில் குளிர்சாதனத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

“அண்ணே” என்றான். “நான்...”

உதடு ஒட்டியது. விரல்களின் கீழே ட்ரே லேசாக அசைந்தது. உள்ளே அண்ணனின் நாக்கு எழும்புகிறது, முடித்துவைக்க வருகிறது. மீன் ஒன்று தண்ணீருக்கடியில் புரள்வதுபோல அதை விரலில் உணர்ந்தான். பிறகு அது அடங்கியது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல் சரியாக அமைய வேண்டும், மண்டிக்குத் திரும்ப வேண்டும். அண்ணனின் கண் அவனைப் பார்த்தது.

அவன் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்ததுபோலத் தானும் பார்த்தான். வெளியே வெளிச்சம், ஒரு பாதிச் சுவர், யாரோ காயப்போட்ட பச்சைத் துணி. எனக்கு அவசரம் இல்லை என்று குரல்காரி எங்கோ சொன்னாள்.

“நான் போறேன். அந்த லேப்புக்கு. கடலுக்கு அந்தப் பக்கம். அவங்க பாஷைய ப... படிச்சுட்டேன். சரின்னு சொல்லிட்டேன்.”

அண்ணனின் கண் அகலமாயிற்று. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் எழுந்து, பசையில் முட்டித் திரும்பிப்போனது. கை ஒன்று நாற்காலியின் பிடியிலிருந்து எழுந்து காற்றில் நின்றது. பிறகு அந்தக் கை எதையும் சொல்லத் தெரியாமல் தன் வயிற்றின்மேல் மெதுவாக இறங்கியது. கண் மட்டும் அவனைவிட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் கேள்வி இருந்தது. அதற்கான பதிலை அவராலேயே இட்டு நிரப்ப முடியாத கேள்வி. அதை அவன் அதுவரை அண்ணனிடம் கண்டதில்லை.

பசை இறுகிவிட்டிருந்தது. விரல்நுனியில் அதன் ரப்பர் போன்ற திடம் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் கொடுத்த அவகாசம் அவ்வளவுதான். ஆனால் வாய் திறந்துவிட்ட பிறகு, உள்ளே வெகுகாலமாக வரிசையில் நின்ற இன்னொரு வாக்கியமும் நகர்ந்து முன்னால் வந்தது. வரவேண்டாம் என்றுகூட நினைத்தான். அண்ணனுக்கு எதற்கு இது இப்போது. ஆனால் அது வந்துவிட்டது.

“அண்ணே. மருந்துக் கடைல இருந்தாளே. அன்னைக்கு வாசல்ல வந்து நின்னா. அவகிட்ட நான் சொல்ல வந்தது அது இல்ல.”

ட்ரேயை அசைத்துக் காற்று விட்டு, வெளியே எடுத்தான். அண்ணனின் உதட்டைச் சுற்றி இளஞ்சிவப்புப் பசை அப்பியிருந்தது. வாய் திறந்தேயிருந்தது. இப்போது அவருக்குத் தடை ஒன்றுமில்லை. வழக்கம்போல வலது கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது. அண்ணன் தன் விரலைத் தானே பார்த்தார். ஏதோ கடையில் யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அதை மெல்ல மடக்கி, மற்ற விரல்களோடு சேர்த்து மூடிக்கொண்டார்.

மேஜைமேல் அச்சு ஈரத்தோடு மின்னியது. ஈறின் ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாக விழுந்திருந்தது. உட்பக்கம், நாக்கு இருந்த இடத்தில் மட்டும், கரையோரம் எழுந்து அங்கேயே நின்றுவிட்ட அலைபோலச் சின்னதாக ஒரு நெளிவு.

“நீ...” என்றான் அவன், அன்று வாசலில் அவளிடம் நின்றுபோன இடத்திலிருந்து. அடுத்த எழுத்துக்காக உதடுகள் மூடிக்கொண்டன. முன்னறையில் குழந்தையின் அழுகை தேய்ந்து நின்றது. அண்ணன் முகத்தைக்கூடத் துடைக்காமல், பற்களில்லாத வாயை மூடிக்கொண்டு, அவன் உதடுகளையே பார்த்தபடி இருந்தார்.